மூச்சு கேட்கவில்லை

தன்னுடைய கவுனை இன்னொருத்தியின் முதுகில் பொத்தான் போட்டு மூடுவதைப் போல வயிற்றெரிச்சலான வேலை வேறு இல்லை என்று அசினாதேவுக்கு இந்த ஒரு வாரத்தில்தான் தெரிந்தது. மஞ்சள் கவுன். அவள் புருஷன் ரூபெனி ஆஸ்திரேலியாவில் திராட்சை பறிக்கப் போய் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. அவள் அதைச் சர்ச்சுக்குக்கூட யோசித்து யோசித்துத்தான் உடுத்துவாள். இப்போது படத்தில் நடிக்க வந்த கெலேரா அதைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை இரு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அசினாதேவின் படுக்கையறையில், அசினாதேவின் கண்ணாடி முன்னால் நின்றாள். நடுப் பொத்தான் வர மறுத்தது.

"மூச்சை இழுத்துப் பிடி."

"பிடிச்சிட்டுதான்க்கா நிக்கிறேன். வந்தப்ப இந்தக் கவுன் லூசா இருந்துச்சு. உங்க வீட்டு மரவள்ளியும் தேங்காய்ப்பாலும் பண்ண வேலைக்கு என்னைத் திட்டாதீங்க."

அசினாதேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் கெலேராவிடம் இருந்த பெரிய தொல்லை. வெறுக்கலாம் என்று ஆற அமர உட்கார்ந்தால் சிரிக்க வைத்துவிடுவாள்.

படம் பிறந்ததே அசினாதேவின் வாயால்தான். போன வருடம் ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க லௌட்டோகாவிலிருந்து ரொனில் வந்திருந்தான். பந்தி முடிந்து களைத்துப்போய் அவள் வீட்டில் தேநீர் குடித்தவனிடம், ரூபெனி ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய காலையைப் பற்றிச் சொன்னாள். அன்று அவள் கோபத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். அவன் உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசாமல், அவள் கன்னத்தில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் கதை. ரொனில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இது படம்" என்றான். சும்மா சொல்கிறான் என்று நினைத்தாள். ஆனால் பத்து வருடமாகக் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு உள்ளே சினிமா கனன்றுகொண்டிருந்திருக்கிறது. சொந்தக்காரனிடம் நல்ல கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, மைக் பிடிக்க விலிவே என்ற பழைய ரக்பி ஆட்டக்காரனையும் கூட்டிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை வந்து இறங்கிவிட்டான்.

பணம் இல்லாத படம் என்றால் எல்லாமே வீட்டுச் சாமான்தான். வீடு அசினாதேவுடையது. சட்டி பானை, பாய், திரைச்சீலை, உடுப்பு எல்லாம் அவளுடையவை. தலைநகர் சூவாவிலிருந்து வந்த கதாநாயகன் இரண்டாம் நாளே ஏதோ விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று ஓடிப்போனான். குளிர்சாதனப் பெட்டியை நகர்த்த உதவிக்கு நின்ற ரூபெனியைப் பார்த்து ரொனில், "உங்க கதைதானே, நீங்களே நில்லுங்கண்ணே" என்றான். ஆளும் நின்றான். நன்றாகவே நின்றான். கதாநாயகியாக முதலில் அசினாதேவைத்தான் நிறுத்திப் பார்த்தார்கள். கேமராவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஒவ்வொரு டேக்கிலும். ஆகவே கடற்கரை விடுதியில் விருந்தாளிகளுக்கு ஆடிக்காட்டும் கெலேரா வந்தாள். அசினாதேவுக்குக் கிடைத்தது கன்டினியூட்டி.

அந்த வேலையை அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். அதை மறைக்க முடியாது. சேவல் கூவுவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும். இன்று என்ன எடுப்பார்கள் என்ற நினைப்பில் வயிற்றுக்குள் குறுகுறுவென்று இருக்கும். ஒரு ஷாட் முடிந்ததும் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பாள். அடுத்த ஷாட்டில் எல்லாம் அதேபோல் இருக்கிறதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். கோப்பையில் எவ்வளவு தேநீர் இருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது, திரைச்சீலை எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது. அவள் "மேட்ச்" என்று சொன்னால்தான் கேமரா ஓடும். ஊர்த் தலைவரின் பேச்சுக்குக்கூட இத்தனை மரியாதை கிடையாது. கஷ்டம் என்னவென்றால், அவள் உற்றுப் பார்க்க வேண்டியவற்றில் அவள் புருஷனின் கையும் இருந்தது. "அக்கா, அண்ணன் கை எங்க இருந்துச்சு?" என்று ரொனில் கத்துவான். "இடுப்புல. வலது கை. கட்டை விரல் மேல பாத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். வேறு எந்தப் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு உத்தியோகம் வாய்க்கும்?

போதாததற்குத் தௌவூ என்ற ஊர் உறவு. கெலேராவின் தீவும் ரூபெனியின் ஊரும் ஆதியில் ஒரே சாமியைக் கும்பிட்டவை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம், கேட்காமலே பொருளை எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் கோபித்தவருக்குத்தான் அவமானம். அசினாதே மலைப்பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்; அவளுக்கு அந்த உறவில் பங்கு இல்லை, ஆனால் பறிகொடுப்பதில் மட்டும் பங்கு உண்டு. வந்த அன்றே கெலேரா, "தௌ, உன் மூஞ்சிக்கு இந்தத் தொப்பி அதிகம்" என்று ரூபெனியின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாள் அசினாதேவின் செருப்பு. அப்புறம் அவளுடைய தேநீர்க் கோப்பை, சீப்பு, பூ எண்ணெய். நேற்று மதியம் ஷாட்டுக்காகக் கட்டிலில் படுத்தவள் ஷாட் முடிந்தும் எழுந்திருக்காமல் ரூபெனியின் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். "எழுப்பாத, பாவம்" என்றான் ரூபெனி. "தூங்கி எந்திரிச்சு உன்னையும் தூக்கிட்டுப் போறேன் தௌ, அக்காக்கு வேற வாங்கிக் குடுத்துடலாம்" என்று கண்ணைத் திறக்காமலே அவள் முனக, வீடே சிரித்தது. அசினாதேவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் செருப்பும் சீப்பும் போனால் போகட்டும். அவளை உண்மையில் அரித்தது ரூபெனியின் வாய். ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதிலிருந்து அவன் பேச்சைக் குறைத்துவிட்டான். ஆம், இல்லை, சாப்பாடு ஆச்சா, இவ்வளவுதான். அப்படிப்பட்டவன் ரொனில் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒத்திகையில் கெலேராவின் கண்ணைப் பார்த்துச் சொன்னபோது அசினாதேவுக்குக் கைப்பேசி நழுவப் பார்த்தது. "நீ இல்லாம அங்க எனக்கு ராத்திரி விடியாது." எவ்வளவு நன்றாகச் சொன்னான். அவளிடம் அதில் பாதிகூட ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கென்று அவன் கொடுத்தது அந்த ஒரு மூச்சுதான். அதற்குப் பிறகு யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. ஆகவே இன்னொரு மூச்சுக்குச் சந்தர்ப்பமும் வரவில்லை. அது அவனிடம் இன்னும் இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கடைசி நாள் எடுக்க வேண்டியது அந்தக் காட்சிதான். ரொனில் முதலில் உதட்டு முத்தம் என்று எழுதியிருந்தான். கேட்டதும் அசினாதே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் அடுப்படியிலயா?"

"சினிமாக்கா அது. ரெண்டு பேரும் நடிக்கிறாங்க."

"ஊர்ல எவளும் என்னைத் தலை நிமிர்ந்து நடக்க விடமாட்டா. நடந்தது என்னமோ அதை எடு. மூக்கை வச்சு மூச்சு இழுக்குற ரெங்குதான் நடந்துச்சு. ரெங்கு எடு."

ரொனில் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது இன்னும் அழகு என்றான். ஜெயித்துவிட்ட திருப்தியில் அவள் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். விடிந்து கவுனுக்குப் பொத்தான் போடும்போதுதான் தான் செய்த முட்டாள்தனம் மண்டையில் உறைத்தது. உதட்டு முத்தம் வெள்ளைக்காரன் படத்திலிருந்து வந்தது, அதை எவனும் நடித்துவிடலாம். மூக்கைக் கன்னத்தில் பதித்து ஒரு மனுஷியை முழுசாக உள்ளே இழுப்பதை எப்படி நடிப்பது? இழுத்தால் இழுத்ததுதான். தன்னுடையது என்று மிச்சமிருந்த ஒன்றையும் தானே கொண்டுபோய்க் கெலேராவின் தட்டில் பரிமாறியிருக்கிறாள்.

மத்தியானம் தாண்டி அடுப்படி ஜன்னலில் வெயில் சாய்ந்ததும் ஆரம்பித்தார்கள். வெயில் ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் இறங்கும்வரைதான் நேரம். நாளை கேமரா ஒரு கல்யாணத்துக்குப் போகிறது, கெலேரா விடுதிக்குப் போகிறாள். கேமரா கெலேராவின் முதுகுப் பக்கம். தேங்காய் துருவும் மஞ்சள் முதுகு, அதைத் தாண்டி ரூபெனியின் முகம். சுவருக்கு அந்தப் பக்கம் ஊரில் பாதி கூடி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அசினாதே கைப்பேசியோடு ஓரமாக நின்றாள். நன்றாக வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள், வரவே கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

ரூபெனி வந்தான், வசனம் சொன்னான், குனிந்தான், நிமிர்ந்தான்.

காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டிருந்த விலிவே தலையை ஆட்டினான். "மூச்சு கேக்கல."

அடுத்த டேக்கிலும் கேட்கவில்லை. அதற்கடுத்ததில் மூக்கு கன்னத்தில் படுவதற்கு முன்பே ரூபெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தௌ, நான் என்ன கருவாடா?" என்றாள் கெலேரா. வெளியே இருந்தவர்கள் வாய்ப்பொத்தலை மறந்து கைதட்டினார்கள். ரொனில் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரு மூச்சுண்ணே. ஒரே ஒரு மூச்சு. படமே அதுலதான் நிக்குது."

"வரல தம்பி." ரூபெனி கழுத்து வியர்வையைத் துடைத்தான். "பக்கத்துல போனா அடைச்சிக்குது."

வெயில் துருவுபலகையிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. ரொனில் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். பத்து வருடக் கல்யாணங்களும் அவன் முகத்தில் தெரிந்தன. அசினாதே அவனைப் பார்த்தாள். தன் வாயால் பிறந்த படம் தன் அடுப்படியிலேயே செத்துக்கொண்டிருக்கிறது. நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை, அழுகைதான் வந்தது. அதே நேரம் வேறொன்றும் வந்தது, அடிவயிற்றிலிருந்து, சேவல் கூவும் முன் வருமே அதே குறுகுறுப்பு.

"முதுகுதானே தெரியும்?" என்றாள். "நான் நிக்கிறேன்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெலேராவுக்கும் எனக்கும் ஒரே உயரம், ஒரே புதர் முடி. கவுனும் என்னோடதுதான். நான் சிரிச்சாலும் முகம் தெரியாது."

"டூப்பு" என்றான் ரொனில், சாமி வந்தவன் போல எழுந்து நின்று. "டூப்பு போடுறோம். ஓடுங்க, ஓடுங்க, வெயில் போகுது."

படுக்கையறையில் கெலேரா அவசரமாகக் கவுனைக் கழற்றினாள். துணியில் அவள் உடம்புச் சூடு இருந்தது. "உங்க கவுனை நீங்களே டூப்பு போட்டுக் கடன் வாங்குறீங்க" என்று சொல்லிக்கொண்டே இந்த முறை அவள் அசினாதேவுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் கை நின்றது. "அக்கா, ஒண்ணு சொல்லவா? உங்க ஆளு என் பக்கத்துல வந்தாலே மூச்சைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நிப்பாரு. முதல் நாள்லேந்து."

அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அசினாதேவுக்குப் பிடிபடவில்லை. பிடிக்காதவள் பக்கத்திலும் மூச்சைப் பிடிப்பார்கள், ரொம்பப் பிடித்துவிட்டாலும் பிடிப்பார்கள். கேட்க நேரமில்லை. கைப்பேசியைக் கெலேராவின் கையில் திணித்தாள். "நீதான் கன்டினியூட்டி. எல்லாத்தையும் உத்துப் பாரு."

துருவுபலகையில் உட்கார்ந்து தேங்காய்மூடியைக் கையில் எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் கேமராவின் சிவப்பு விளக்கு எரிவது தெரியாமலே தெரிந்தது. ரூபெனி வாசலில் வந்து நின்றான். அவள் எழுந்தாள். கோடு போட்ட சட்டை, தோளில் பை, அன்றைக்கு இருந்த அதே கோலம். சிரிப்பு வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

"நீ இல்லாம அங்க எனக்கு ராத்திரி விடியாது" என்றான்.

இதை எழுதியவன் ரொனில் என்று அவளுக்குத் தெரியும். எழுதித் திருத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றியவள் அவள். இருந்தும் காது சூடேறியது. பிறகு அவன் குனிந்தான். மூக்கு கன்னத்தில் பதிந்தது. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அவன் மூச்சை இழுத்தான், தண்ணீருக்குள் நெடுநேரம் கிடந்துவிட்டு மேலே வந்தவனைப் போல. அன்றைக்கு நொடியில் முடிந்தது இன்றைக்கு முடியவில்லை. அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். கை அவள் முடிக்குள் போனது. முகம் கன்னத்திலிருந்து நழுவித் தோளுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அது எழுதப்படாதது. தோளில் சூடாக ஏதோ பரவியது. ரொனில் கட் சொல்லவில்லை. எங்கோ ஒரு தேங்காய்மூடி உருண்டு போய் நின்ற சத்தம் கேட்டது.

"கட்."

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் வெடித்தது. விலிவே ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "கேட்டுச்சு, எல்லாம் கேட்டுச்சு" என்றான். ரொனில் கேமராவை ஒரு குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தான். "நடிச்சா இப்படி நடிக்கணும். அண்ணே, எங்கண்ணே வச்சிருந்தீங்க இதை?"

ரூபெனி அவளைப் பார்க்கவில்லை. தோள்பையை இறக்கி வைத்துவிட்டு நேரே பின்கட்டுக் குழாய்க்குப் போய் முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டான். அவன் பின்னால் ஓட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து, இப்போது மூச்சு இழுத்தது நீயா, ரொனில் எழுதிய புருஷனா என்று கேட்க வேண்டும். உடம்பெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது, பதினெட்டு வயதில்கூட இப்படித் துடித்ததில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. சூவாவில் கொட்டகை இருட்டில் உட்கார்ந்து பார்க்கப்போகிறவர்களுக்கு இந்த முதுகு கெலேராவின் முதுகு. அவ்வளவு பெரிய மூச்சும் கெலேராவுக்கு வந்ததாகத்தான் ஆகும்.

"அடுத்த ஷாட், அடுத்த ஷாட்" என்று ரொனில் கத்தினான். "அவரு போயிட்டாரு. நீ ஜன்னல் பக்கம் திரும்புற கெலேரா, முகத்துல வெயில். அதோட படம் முடிஞ்சிச்சு. கவுனை மாத்துங்க."

மறுபடியும் பொத்தான். கெலேராவிடம் இந்த முறை கேலி இல்லை, தௌ இல்லை. திரும்பி நின்று முடியை ஒதுக்கிக் கொடுத்தாள், அவ்வளவுதான். பொத்தான் போட்டு முடிந்ததும் கைப்பேசியை நீட்டினாள். ஒழுங்காகத்தான் பிடித்திருந்தாள். "வலது கை இடுப்புல. இடது கை முடிக்குள்ள" என்றாள் மெல்ல. "தோள்ல ஈரம். பெருசா எடுத்திருக்கேன் பாருங்க." படத்தில் மஞ்சள் தோள் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஈரம் கருத்திருந்தது. வியர்வையா கண்ணீரா என்று படம் சொல்லாது. கெலேரா அந்த இடத்தைத் தொடாமல் தோளைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தாள், சூடுபட்டவள் போல.

ஜன்னலடியில் நிறுத்தினார்கள். கடைசி வெயில் நேரே தோள்மேல் விழுந்தது.

"அக்கா, ஈரம் காயுது பாருங்க" என்றான் ரொனில் கேமராவுக்குள்ளிருந்து. "முந்தின ஷாட்ல இருந்துச்சு. கொஞ்சம் தண்ணி தொட்டு வைங்க."

அசினாதே கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். விரலை நனைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தபோது ஓரங்கள் வெளுத்து உள்ளே ஒரு சின்ன வட்டம்தான் மிச்சமிருந்தது. தண்ணீரை வைத்தால் அது கெலேராவின் ஈரமாகிவிடும். வைக்காமல் விட்டால், எத்தனை ஊரில் எத்தனை முறை ஓட்டினாலும் அந்த இடத்தில் ஈரத் தோளுக்கு அடுத்த ஷாட்டிலேயே காய்ந்த தோள் ஒன்று வரும். அந்த மூச்சைப் பெற்றவள் ஒருத்தி, ஜன்னலில் நிற்பவள் இன்னொருத்தி. ஒரு வாரமாக ஒரு கோப்பைகூட இடம் மாறாமல் காவல் காத்தவள் அவள். கெலேரா தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் அவளைப் பார்த்தாள். பின்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றது.

அசினாதே விரலைத் தன் இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"மேட்ச் ஆகுதாக்கா?"

"ஆகுது," என்றாள். "எடு."

சிவப்பு விளக்கு எரிந்தது. கெலேரா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவள் தோளில் மிச்சமிருந்த வட்டம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெயிலில் சுருங்கிச் சுருங்கி மஞ்சளோடு மஞ்சளாகப் போனது.